ஜமுக்காளத்தை ஜமுக்காளம் என்றே எழுதுங்கள்

(பவானியில் நெசவாளர்களும் ஜவுளி வியாபாரிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகராட்சி உறுப்பினர் பெருமக்களே, வரவேற்புரையில் என்னை வானத்துக்கு ஏற்றிவிட்டு இறக்கிவிடாமலே போய் உட்கார்ந்துவிட்ட செயலாளர் அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாக ஜமுக்காளத்தையே போர்த்தி என் தோளின் வலுவைச் சோதித்த மகளிர் குழுத் தாய்மார்களே, அரை நாள் கூலியை விட்டு வந்திருக்கும் நெசவாளர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதன்முதலாக இணையத்தில் கடை திறப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான்கு செய்திகள்: சரக்கு, கணக்கு, பார்சல், விளம்பரம்.

சரக்குக்கு நம் பாட்டன் சொன்னதே போதும்: அகல உழுவதை விட ஆழ உழு. கடை அலமாரியில் இருநூறு உருப்படி இருக்கலாம். இணையத்தில் முதல் நாள் ஐந்து போதும். ஒரு உருப்படிக்கு ஆறு படம் வேண்டும்: முழு விரிப்பு, கரை, பின்பக்கம், நூல் தெரிய நெருங்கி ஒன்று, மடித்தபடி ஒன்று, ஆள் உட்கார்ந்தபடி ஒன்று. அந்தக் கடைசிப் படம்தான் அளவைச் சொல்லும். ஐந்துக்கு முப்பது படம், ஒரு காலையில் முடியும். இருநூறுக்கு ஆயிரத்து இருநூறு. இருபதாவது உருப்படியிலேயே கை ஓய்ந்து, பழைய படத்தையே ஒட்ட ஆரம்பிப்பீர்கள். ஜன்னல் பக்கமாக, காலை வெளிச்சத்தில் எடுங்கள். குண்டு பல்பை அணைத்துவிடுங்கள். அதன் மஞ்சளில் பச்சை வேறு பச்சையாகிவிடும். அளவை அடியிலும் சென்டிமீட்டரிலும் எழுதுங்கள், எடையையும் எழுதுங்கள். முதல் சலவையில் சாயம் இறங்குமானால் அதையும் எழுதுங்கள். மறைத்தால் இறங்குவது சாயம் மட்டுமல்ல.

இன்னொன்று, சாயத் தொட்டிக்குத் தொட்டி நிறம் மாறும். படத்தில் இருப்பது தீர்ந்து அடுத்த தறி இறங்கியதும் மறுபடி படம் எடுங்கள். கடையில் விற்றதை இணையத்தில் கழிக்க மறந்து, ஒரே விரிப்பை இரண்டு பேருக்கு விற்பதும் அடிக்கடி நடக்கிறது. இணையத்துக்கென்று இரண்டு உருப்படியைத் தனியே கட்டி வையுங்கள்.

தளம் கட்டுவது பெரிய வித்தை இல்லை. இணையக் கடை நடத்தித் தரும் ஷாப்பிஃபை மாத வாடகை வீடு. வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஊகாமர்ஸ் என்ற கடைப் பகுதியைச் சேர்த்துக்கொள்வது சொந்த வீடு, ஒழுகினால் ஓட்டை நீங்கள்தான் அடைக்க வேண்டும். எதுவானாலும் தளத்தின் பெயரை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதியுங்கள். கட்டிக்கொடுத்த தம்பி தன் பெயரில் பதிந்துகொண்டு துபாய் போய்விட்டால், கடை உங்களுடையது, சாவி அவருடையது. பணம் வாங்கித் தரும் நிறுவனம் கணக்கைத் திறக்குமுன் பான் அட்டை, வங்கி விவரம் கேட்கும். திருப்பி வாங்கும் விதி, அனுப்பும் விதி, தனியுரிமை, முகவரி ஆகிய பக்கங்கள் தளத்தில் உண்டா என்றும் பார்க்கும். இவை இல்லாமல் திறப்பு விழா தேதி குறித்தவர்கள் பலர். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி குறைகேட்கும் அலுவலர் ஒருவரின் பெயரும் வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததாகப் பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. வெளிமாநிலத்துக்கு விற்குமுன் ஜிஎஸ்டி பதிவு பற்றி ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

இனி கணக்கு. வரியை ஒதுக்கிவைத்து, 1,500 ரூபாய் விரிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நூல், சாயம், கூலி 1,000. கார்டில் பணம் வந்தால் 2 சதவீதக் கட்டணம் 30, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 5.40. பார்சல் கட்ட 40, கூரியர் 180. மிச்சம் 244 ரூபாய் 60 காசு. இதே விரிப்பு 'வந்தபின் பணம்' என்று போய், வாங்காமல் திரும்பினால்? போக 180, வர 180, கிழிந்த கட்டுக்கு 40. மொத்தம் 400 ரூபாய், ஒன்றரை விற்பனையின் லாபத்துக்கும் மேல். முதல் மூன்று மாதம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

பார்சலில் இருக்கும் பள்ளம் எடை. கூரியர்காரர் தராசு எடையையும் பார்ப்பார், பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து வரும் கிலோவையும் பார்ப்பார், இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு கேட்பார். மூன்று கிலோ விரிப்பை 60, 45, 20 பெட்டியில் தளர்வாகப் போட்டால் 10.8 கிலோ. இறுக்கிச் சுருட்டி 60, 20, 15 ஆக்கினால் 3.6 கிலோ. காற்றுக்கும் கூலி கொடுக்கிறோம், ஐயா!

ஏன் திரும்பி வருகிறது? இங்கே ஒரு கதை. ஒரு கடைக்காரர் தன் மருமகனிடம் தளத்தை ஒப்படைத்தார். பையன் ஆங்கிலம் படித்தவன். "மாமா, ஜமுக்காளம்னு போட்டா பட்டிக்காடா இருக்கும்" என்று சொல்லி, 'லக்ஸுரி கார்பெட்' என்று எழுதினான். பக்கத்தில் சோபா, சோபாமேல் வெள்ளைப் பூனை! அந்தப் பூனையை யாரிடம் கேட்டு வைத்தானோ! சென்னையிலிருந்து ஓர் அம்மா வாங்கினார். நான்காம் நாள் போன்.

"ஏங்க, கார்பெட் கேட்டா ஜமுக்காளம் அனுப்பியிருக்கீங்க?"

"ஆமாங்க அம்மா, நாங்க நெய்யறதே அதுதானுங்களே!"

"கால் புதையும்னு நினைச்சேன். இது எங்க பாட்டி வீட்டுல பந்திக்கு விரிச்சது!"

"அதேதானுங்க அம்மா, அதே!"

"அப்ப அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

கடைக்காரரிடம் பதில் இல்லை. விரிப்பு திரும்பி வந்தது. அதே வாரம் திருச்சிப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணத்துக்கு விரிக்க எட்டு ஜமுக்காளம் தேடி, கைப்பேசியில் தமிழிலேயே அந்தப் பெயரைத் தட்டினார்கள். இவர் கடை வரவேயில்லை. எப்படி வரும்? அந்தச் சொல்லே அங்கே இல்லையே! பையன் அகலமாக உழுதான். அகல உழுவதை விட ஆழ உழு என்பது இதற்கும்தான்.

ஆகவே என் கட்சி இதுதான்: பொருள் பக்கம் தமிழில் இருக்க வேண்டும். ஆங்கிலமும் இருக்கட்டும், கீழே. ஜமுக்காளம், ஜமக்காளம், சமுக்காளம் என்று மூன்று விதமாகவும் மக்கள் தட்டுகிறார்கள். மூன்றும் பக்கத்தில் எங்காவது இருக்கட்டும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களுக்கு அப்படியும் ஒரு முறை. பவானி ஜமுக்காளம் புவிசார் குறியீடு பெற்ற பெயர். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கைத்தறிக்கே ஒதுக்கிய 11 வகைகளின் பட்டியலில் 'ஜமக்காளம்' என்ற சொல்லையே தில்லி அரசாணை ஏற்று வைத்திருக்கிறது. தில்லிக்குத் தெரிந்தது நம் மருமகனுக்குத் தெரியவில்லை! '.இந்தியா' என்று தமிழிலேயே தளப்பெயரும் வாங்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். மின்னஞ்சலுக்குச் சில இடங்களில் ஒத்துவராது.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். ஐந்து நிமிடம் முன்பே அனுப்பியதாம், மைக்காரர் பையில் இருந்தது. ஆகவே விளம்பரம் இன்னொரு நாள். திறப்பதற்கு முன் மூன்று வீட்டுக் கைப்பேசிகளிலிருந்து, ஒன்று பழைய கைப்பேசியாக இருக்கட்டும், உண்மைப் பணம் கட்டி வாங்கிப் பாருங்கள். ஒன்றை ரத்து செய்து பணம் எத்தனை நாளில் திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆர்டர் வந்த மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் போகிறதா என்றும் பாருங்கள்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். உங்கள் ஐந்து உருப்படியின் பெயர், நீளம், அகலம், எடை எழுதிவிட்டுப் போங்கள். தமிழ்ப் பக்கத்தை ஞாயிறன்று உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம். பேனாவை நூலில் கட்டியிருக்கிறது, அவிழ்த்துக்கொண்டு போய்விடாதீர்கள். நன்றி, வணக்கம்.