ரோமாபுரியில் ஒரு சுவிகாரம்

அன்பானவர்களே, தத்துப்பிள்ளை என்றதும் நமக்கு ஒரு கைக்குழந்தைதான் நினைவுக்கு வரும். பெற்றோர் இல்லை, யாரோ இரக்கப்பட்டு எடுத்து வளர்க்கிறார்கள். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் 'புத்திரசுவிகாரம்', அதாவது மகனாகத் தத்தெடுப்பது, என்று வாசிக்கும்போதும் அதே படத்தை வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறோம்.

அந்த நிருபத்தை முதலில் கேட்டவர்கள் அப்படி நினைத்திருக்கமாட்டார்கள். ஏறத்தாழ கி.பி. 57இல் பவுல் அதை எழுதியபோது ரோமில் சிங்காசனத்தில் இருந்தவன் நீரோ. அவனே ஒரு சுவிகாரபுத்திரன். அவனுக்கு முன் ஆண்ட கிலவுதியு ராயனுக்குச் சொந்த மகன் இருந்தான், இருந்தும் கி.பி. 50இல் நீரோவைத் தத்தெடுத்தான். பெயர் மாறியது, குலம் மாறியது, நான்கு வருஷத்தில் சாம்ராஜ்யமே கைக்கு வந்தது. ரோமர்கள் பெரும்பாலும் வளர்ந்த ஆண்களைத்தான் தத்தெடுத்தார்கள். வாரிசு வேண்டும், அதுதான் காரணம்.

அதற்கு ஒரு சடங்கு உண்டு, கொஞ்சம் வேடிக்கையானது. பெற்ற தகப்பன் மகனை விற்பதுபோல் மூன்று முறை விற்கவேண்டும். தராசு பிடிக்க ஒருவர், சாட்சிக்கு ஐந்து குடிமக்கள். மூன்றாவது விற்பனையோடு தகப்பனுடைய அதிகாரம் முடிந்தது. அப்புறம் புதிய தகப்பன் அதிகாரியின் முன் நின்று, "இவன் என் மகன்" என்பான். மறுத்துப் பேச ஆள் இல்லையென்றால் காரியம் முடிந்தது. பழைய வீட்டுக்கு அவன்மேல் எந்தப் பாத்தியதையும் கிடையாது.

இதை வைத்துக்கொண்டு ரோமர் 8ஐத் திரும்ப வாசியுங்கள். பதினைந்தாம் வசனத்தில் அடிமைத்தனம் போகிறது, சுவிகாரம் வருகிறது. பதினாறில் சாட்சி, அதுவும் ஆவியானவரே சாட்சி. பதினேழில் 'சுதந்தரர்' என்கிறார். நம் வேதாகமத்தில் அதற்கு விடுதலை பெற்றவர் என்று அர்த்தமில்லை, சொத்துக்கு உரியவர் என்று அர்த்தம். நம்மில் பாதிப்பேர் இதைத் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறோம். தேவன் நம்மைப் பரிதாபப்பட்டு வீட்டுத் திண்ணையில் படுக்கவிடவில்லை. பத்திரத்தில் பெயர் எழுதியிருக்கிறார்.

சரி, மகன் என்றால் பெண்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். கலாத்தியர் 4இல் சுவிகாரத்தைப் பேசுவதற்குச் சற்று முன்னால்தான், ஆணென்றும் பெண்ணென்றும் இல்லை என்று பவுல் எழுதினார். மூத்த மகனுக்குரிய பங்கு மகளுக்கும் உண்டு.

இந்தச் சுவிகாரம் பெற்றவர்கள் கூப்பிடும் சொல் 'அப்பா'. அரமேயச் சொல், தமிழனுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை! புதிய ஏற்பாட்டில் மூன்றே இடத்தில் அது வருகிறது. இரண்டு பவுலுடைய நிருபங்களில். மூன்றாவது மாற்கு 14இல், கெத்செமனே தோட்டத்தில். சொந்தக் குமாரனாகிய இயேசு அப்பா என்று கூப்பிட்டு, இந்தப் பாத்திரத்தை, அதாவது வரப்போகும் பாடுகளை, எடுத்துப்போடும் என்று கேட்டார். பாத்திரம் எடுக்கப்படவில்லை. ரோமர் 8இன் பதினேழாம் வசனத்தின் பின்பாதியை, 'அவருடனேகூடப் பாடுபட்டால்' என்பதை, நாம் அவசரமாகக் கடந்துபோகிறோமே, அது அந்தத் தோட்டத்தைத்தான் சொல்கிறது.