முடிச்சு கடைசியில்தான்

வணக்கம் நேயர்களே. மாறுகண் இருந்தால் யோகம் என்று சிங்கப்பூர் தேக்காவில் ஒரு பாட்டி என்னிடமே சொன்னார், நான் கண் டாக்டர் என்று தெரியாமல். யோகம் இருக்கட்டும். எதிரே வரும் ஒரு பேருந்து இரண்டாகத் தெரிந்தால் சாலையை எப்படிக் கடப்பது?

ஒவ்வொரு விழியையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. மாறுகண் அறுவை சிகிச்சையில் தேவையான தசையை விழியிலிருந்து பிரித்து, சில மில்லிமீட்டர் தள்ளியோ, கொஞ்சம் வெட்டிக் குறுக்கியோ தைக்கிறோம். (கண்ணை வெளியே எடுத்து வைப்பீர்களா என்று இன்றும் கேட்கிறார்கள். இல்லை, விழி இருந்த இடத்திலேயேதான் இருக்கும்.) அளவுக்குக் கணக்கு உண்டு. ஆனால் தைராய்டு கோளாறால் விறைத்த தசையும், ஏற்கெனவே ஒருமுறை தைத்த தசையும் கணக்குக்கு அடங்குவதில்லை. அங்கேதான் சரிசெய்யும் தையல் உதவுகிறது. 1970களில் அமெரிக்க டாக்டர் ஜாம்போல்ஸ்கி பிரபலப்படுத்திய முறை. ஷூ கயிறு மாதிரி, இழுத்தால் அவிழும் முடிச்சாக விட்டுவிட்டு, நோயாளி விழித்த பிறகு பார்த்துச் சரிசெய்வோம்.

இதனால் எந்த மயக்கம் என்பதையும் முன்பே யோசிக்க வேண்டும். கண்ணுக்குப் பின்னால் ஊசி போட்டால் வலி போகும், தசையும் சேர்ந்து செயலிழக்கும். அது தெளியும்வரை கண் நேராக நிற்கிறதா என்று பார்க்கவே முடியாது. அதனால் பெரியவர்களுக்கும் பல சமயம் முழு மயக்கம்தான், சீக்கிரம் தெளியும் மருந்துகளோடு. தசையை இழுக்கும்போது சிலருக்கு இதயத் துடிப்பு சட்டென்று குறையும். திரையின் பீப் ஒலி இழுபடும். மயக்க மருத்துவர் "விடுங்க" என்பார். பிடியைத் தளர்த்தியதும் பெரும்பாலும் துடிப்பு மீண்டுவிடும். இல்லையென்றால் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்து. இந்த அறுவைக்குப் பிறகு வாந்தியும் அதிகம். பாத்தாம் தீவுக்குப் போகும் படகில் ஏறினாலே குமட்டுகிறவர் என்றால், மயக்க மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ, மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு உட்கார வைப்போம். சிறு பிள்ளைகள் இதற்கு ஒத்துழைக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டால் இன்னொரு குட்டி மயக்கம். பெரியவர் தூரத்து எழுத்தைப் பார்க்க, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்து மாற்றி மாற்றிப் பார்ப்பேன்.

"எத்தனை தெரியுது, அங்கிள்?"

"ரெண்டுதான் டாக்டர், ஆனா ஒட்டிக்கிட்டு நிக்குது."

நூலை ஒரு மில்லிமீட்டர் இழுக்கிறேன். வலியைவிட ஒரு இழுவைதான் தெரியும். சிலருக்குத் தலை சுற்றும், அதனால் படுக்கை பக்கத்திலேயே இருக்கும்.

"இப்ப?"

"ஒண்ணாயிடுச்சு."

அப்புறம்தான் முடிச்சு.