பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள்

நண்பர்களே, வணக்கம்.

பெரிய போர் அருங்காட்சியகம் என்றால் டாங்கி நிற்கும், விமானம் தொங்கும்; அண்ணாந்து பார்த்தபடி நடந்துவிடலாம். முன்னாள் படைவீரர்களுக்காக இரண்டு மூன்று அறைகளில் நடக்கும் சிறிய அருங்காட்சியகத்தில் குனிந்துதான் பார்க்க வேண்டும். அங்கே இருப்பதெல்லாம் சிறிய பொருள்கள். பெரும்பாலும் சாதாரணச் சிப்பாயின் பொருள்கள்.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினருக்கு அச்சடித்த அஞ்சலட்டை ஒன்று கொடுத்தார்கள். 'நலமாக இருக்கிறேன்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்', 'உன் கடிதம் கிடைத்தது' என்று வரிகள் ஏற்கெனவே அதில் இருக்கும். வேண்டாத வரியை அடித்துவிட்டு, தேதியும் கையெழுத்தும் போட வேண்டும், அவ்வளவுதான். கூடுதலாக ஏதாவது எழுதினால் அட்டையை அழித்துவிடுவோம் என்ற எச்சரிக்கையும் அதிலேயே உண்டு. அப்படி ஒரு அட்டை கண்ணில் பட்டால் உடனே நகர்ந்துவிடாதீர்கள். எந்த வரியை அடித்திருக்கிறான், எதை விட்டிருக்கிறான் என்று பாருங்கள். வீட்டில் இருந்தவர்களும் அதைத்தான் முதலில் பார்த்திருப்பார்கள்.

அப்புறம் பதக்கங்கள். எல்லோரும் முகப்பைப் பார்க்கிறார்கள். அதில் அரசர் தலைதான் இருக்கும். அந்தப் போருக்கான பிரிட்டிஷ் பதக்கத்தின் விளிம்பில் சிப்பாயின் எண், பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். சண்டையிட்டவர்களுக்கு அதை வெள்ளியில் கொடுத்தார்கள். சுமை தூக்கி, பாதை போட்ட சீன, இந்திய, மால்டா தொழிலாளர் படையினருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில் கிடைத்தது. போரிலும் கூலி வேறு, மரியாதை வேறு! ஆனால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அனுப்பிய வெண்கலத் தகட்டில் பதவியைப் போடவில்லை, பெயர் மட்டுமே. அப்படி 13 லட்சத்துக்கும் மேல் வார்த்தார்கள்.

அரசாங்கத்திடம்தான் எல்லா ஆவணமும் இருக்குமே, இந்தச் சின்ன இடம் எதற்கு என்று கேட்கலாம். 1940 செப்டம்பரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோது முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பணிக் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. 1973 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகள் போயின. நகல் கிடையாது. அதற்குப் பிறகு ஒருவர் படையில் இருந்தார் என்பதற்கு, பல நேரங்களில் அவர் வீட்டுப் பெட்டியில் கிடந்த பணி விடுவிப்புத் தாள் முக்கியச் சாட்சியாக நின்றது. அத்தகைய பெட்டிகள் கடைசியில் வந்து சேரும் இடம் இந்த அறைகள்தான்.

வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரும் பல இடங்களில் முன்னாள் வீரர்தான். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். சிப்பாயின் முதுகு மூட்டையில் என்னென்ன வைப்பீர்கள், மழையில் எங்கே தூங்குவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாக வரும்.

உங்கள் வீட்டிலும் ஏதாவது இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள். பதக்கத்தைப் பளபளவென்று தேய்க்காதீர்கள்; எழுத்து தேய்ந்துவிடும். படத்தின் பின்னால் பேனாவால் எழுதாமல், மென்மையான பென்சிலால் யார் யார் என்று எழுதுங்கள். தாத்தா வைத்திருந்த பழைய கையெறி குண்டு என்றால் தொடவே தொடாதீர்கள், காவல்துறையைக் கூப்பிடுங்கள். சிரிக்கிறீர்கள்; அதையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள்.