மலையில் ஒன்பது மணி கிடையாது

நேயர்களுக்கு வணக்கம். மலைக்கிராமத்தில் கிறிஸ்தவ ஊழியம் செய்தவர்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். நான் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் போதகர். தர்மபுரி மாவட்டம் அரூருக்கு மேலே, சித்தேரி மலையில் ஒரு சிற்றூரில் பல வருஷம் குடியிருந்தோம்.

மிஷனரி என்றதும் கையில் வேதாகமத்தோடு மரத்தடியில் நின்று பிரசங்கம் பண்ணுகிற ஆள்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். அவருக்குத் தண்ணீர் எடுத்தது யார், விறகு பொறுக்கியது யார் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பொழுதில் பெரும்பகுதி அதிலேதான் போனது. ஊற்றுக்குப் போய்க் குடம் நிரம்பும் வரை காத்திருக்க வேண்டும். கோடையில் தண்ணீர் கசிந்து கசிந்துதான் சேரும். ஆனால் ஊர்ப் பெண்களோடு நான் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அங்கேதான். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது, எல்லாம் குடத்தடியில் தெரிந்துவிடும்.

மிஷன் கொடுத்த கால அட்டவணையில் மருந்தகம் காலை ஒன்பது மணிக்கு என்று இருந்தது. ஒன்பது மணிக்கு ஊரில் இருப்பவர்கள் கிழவிகளும் கோழிகளும்தான். மற்ற எல்லாரும் சாமைக் காட்டிலோ, மரவள்ளிக் காட்டிலோ, கடுக்காய் பொறுக்கவோ போயிருப்பார்கள். அதனால் விடியுமுன் லாந்தர் வெளிச்சத்தில் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை என்று மருந்தகத்தைத் திறந்தோம். ஞாயிறு ஆராதனையும் அப்படித்தான். களி கிண்டி, குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஆற அமர வந்து உட்கார்வார்கள். பாதிப் பேர் பிரசங்கத்தில் தூங்கிவிடுவார்கள். பகலெல்லாம் களை எடுத்தவர்கள் வேறென்ன செய்வார்கள்? என் கணவர் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். அவர் பிரசங்கத்துக்கு அதுவும் நல்லதாகத்தான் போயிற்று.

வைத்தியம் பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. பேதியில் சுருண்ட குழந்தைக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இதைக் கலக்கத் தெரிந்த தாய் இருந்தாலே நிறையக் குழந்தைகள் பிழைத்துக்கொள்ளும். பிரசவத்துக்கு ஊர் மருத்துவச்சிதான் போவார். அவரை ஒதுக்கிவிட்டு நான் போனால் யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள், திறக்கவும் கூடாது. அவர் கையில் புது பிளேடும் கொதிக்கவைத்த நூலும் கொடுத்தோம். கர்ப்பிணிகளுக்கு ரணஜன்னித் தடுப்பூசி போட்டோம். அரிவாளால் தொப்புள்கொடி அறுத்த காலத்தில் பச்சைக் குழந்தைகள் விறைத்து விறைத்துச் செத்ததை அந்த அம்மாவே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

பாம்புக்கடி என்றால் கதை வேறு. விஷமுறிவு மருந்தைக் குளிரில் வைக்க எங்களிடம் வசதி கிடையாது. மூங்கிலில் தூளி கட்டி நாலு பேர் தோள் மாற்றி அரூர் அரசு ஆஸ்பத்திரிக்கு இறக்க வேண்டும். நம் மாவட்டத்தில் இந்தத் தூளி இன்னும் ஒழிந்தபாடில்லை. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தல்தோறும் வாக்குப்பதிவு எந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிப் போனதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஓட்டுக்குக் கழுதை, நோயாளிக்குத் தூளி.

எங்களுக்கு முன்னால் இந்த மலைகளை நினைத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெஸ்ஸி பிராண்ட், அவர் மனைவி எவ்லின் என்ற ஆங்கிலேயத் தம்பதி 1913இல் மணமுடித்துக் கொல்லிமலையில் குடியேறினார்கள். கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்வராயன், நம் சித்தேரி என்று சுற்றியுள்ள மலைகளுக்கெல்லாம் போக வேண்டும் என்பது அவர்கள் ஆசை. முதல் சில வருஷங்களில் ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. 1918 வாக்கில் உலகமெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் மலைக்கும் ஏறியது. அவர்களைக் கடுமையாக எதிர்த்த பூசாரி சாகும் தறுவாயில் தன் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். பிரசங்கத்தை நம்பி யாரும் பிள்ளையைக் கொடுக்கமாட்டார்கள். அந்த வீட்டில் பிள்ளை பசியில்லாமல் வளரும் என்று அந்த மனிதர் பல வருஷம் பார்த்துத்தான் வைத்திருப்பார் என்பது என் எண்ணம்.

அந்தக் காலத்து மலைகளில் நரம்புச் சிலந்தி என்றொரு நோய் இருந்தது. இளையவர்களுக்குத் தெரியாது. குளத்து நீரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத பூச்சியோடு புழுவின் குஞ்சும் வயிற்றுக்குள் போய்விடும். ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் வெடித்து, முழங்கை நீளத்துக்கும் அதிகமான வெள்ளைப் புழு தலை நீட்டும். எரிச்சல் தாங்காமல் ஆள் தண்ணீரில் காலை வைப்பான். புழு அங்கேயே குஞ்சுகளைக் கொட்டும், மறுபடி அதே தண்ணீரை ஊர் குடிக்கும். இழுத்தால் புழு அறுந்து உள்ளே சீழ் பிடிக்கும். அதனால் ஒரு குச்சியில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுக்க வேண்டும். தன் அப்பா அப்படிப் பொறுமையாகச் சுற்றியெடுத்ததைச் சிறுவயதில் பார்த்ததாக அவர்கள் மகன் பால் பிராண்ட் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய அதே அறுவை மருத்துவர்தான். மருந்து இல்லாத அந்த நோய், தண்ணீரைத் துணியில் வடிகட்டியும் கால் வைக்க முடியாதபடி கிணற்றைக் கட்டியுமே ஒழிந்தது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல். ஊழியம் என்று நான் நினைப்பதில் பாதி அந்தக் குச்சியைச் சுற்றுகிற வேலைதான்.

ஜெஸ்ஸி 1929இல் மலைக்காய்ச்சலில் இறந்தார். எவ்லின் அம்மையார் எழுபதை நெருங்கும் வயதில் மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் சொந்தப் பொறுப்பில் மலையேறினார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். 1974இல் காலமானபோது அவருக்கு வயது 95.

மதம் மாற்றத்தானே போனீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கிறிஸ்துவைச் சொல்லத்தான் போனோம், அதை மறைக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மருந்து கொடுக்கும்முன் ஜெபம் பண்ணக் கூடாது. காய்ச்சலில் நடுங்குகிறவனால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. கேட்டால் பண்ணலாம், அதுவும் மருந்து கொடுத்து முடித்த பிறகு. மிஷனிலேயே சிலருக்கு இது பிடிக்கவில்லை. நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

இதைவிடச் சிக்கல் கோயில் திருவிழா வரி. ஊரில் எல்லா வீட்டுக்கும் வரி உண்டு. கிறிஸ்தவக் குடும்பங்கள் சாமி செலவுக்குக் கொடுக்க மனமில்லாமல் தயங்கின. கொடுக்காவிட்டால் ஊரை விட்டு விலகினது போலாகும். ஊர்க்கவுண்டர்தான் வழி சொன்னார்: "உங்க வீட்டுப் பணம் மலைப்பாதை செப்பனிட, மத்த பணம் சாமிக்கு. பாதையில எல்லாரும்தான நடக்கறோம்?" எந்த வேத பண்டிதரும் இவ்வளவு சுலபமாகத் தீர்த்திருக்கமாட்டார்.

சித்தேரிக்கும் கல்வராயனுக்கும் நடுவே சித்திலிங்கி பள்ளத்தாக்கில் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் 1993இல் ஓலைக் கொட்டகையில் வைத்தியம் தொடங்கினார்கள். அவர்கள் மிஷனரிகள் இல்லை. ஆனாலும் ஊர்ப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கியதைப் பார்த்தபோது, இது நம் மருத்துவச்சி அம்மாவுக்குத் தெரிந்த வழிதான் என்று தோன்றியது.

கிறிஸ்துமஸ் பற்றிச் சொல்லாமல் முடித்தால் சபையார் கோபிப்பார்கள். மார்கழிக் குளிரில் ஆண்கள் காட்டுப்பன்றிக்குக் காவலாகப் பரணில் இருப்பார்கள். வீட்டு வாசலில் பாடினால் கேட்க ஆள் இல்லை. அதனால் பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு காடு காடாகப் போய்ப் பரணுக்குக் கீழே நின்று பாடுவோம். மேலிருந்து சுட்ட மரவள்ளிக்கிழங்கு இறங்கும். அன்று எந்தப் பன்றியும் வந்ததில்லை. எங்கள் பாட்டு அப்படி.

இப்போது அரூரிலிருந்து சித்தேரிக்குப் பஸ் போகிறது. இளவட்டங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கிவிட்டார்கள். எங்களுக்குப் பின் வந்த இளம் போதகர் மாதத்தில் ஒரு ஞாயிறு திருப்பூரில் ஒரு வாடகை அறையில் ஆராதனை நடத்துகிறார். அதுவும் ராத்திரி ஷிப்ட் முடிந்து பையன்கள் குளித்துவிட்டு வந்த பிறகு, காலை பதினொரு மணிக்கு. பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்களாம். பிரசங்கத்தைச் சுருக்கச் சொல்லியிருக்கிறேன். நன்றி, வணக்கம்.