37 நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது!

வணக்கம், எல்லாரும் பத்திரமாக இருக்கிறீர்களா? இன்றைக்கு 2020 மே 11, திங்கட்கிழமை. பேசுவதற்கு முன்னால் ஒரு நிமிடம், பின்னால் வருகிற சத்தத்தைக் கேளுங்கள். ... கேட்டதா? எங்கள் வீட்டு ஐந்து லிட்டர் குக்கர். விசில்! துவரம்பருப்பு வைத்திருக்கிறேன், நாலு விசில் வேண்டும், இது முதல் விசில். மீதி மூன்று வருகிற வரைக்கும் உங்களோடு பேசப் போகிறேன்.

போன மாதம் வீடியோ பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். ஏப்ரல் 4ஆம் தேதி இந்தக் குக்கரின் கேஸ்கட் போய்விட்டது. குக்கர் ரப்பர் என்றும் சொல்வோமே, மூடியின் விளிம்பில் உட்காருகிற அந்தக் கறுப்பு வளையம். அன்றைக்குப் பருப்பு வைத்தேன், வெயிட் எழும்பவே இல்லை, சுற்றிலும் புஸ்ஸென்று ஆவி போனது, தண்ணீர் முழுக்க வற்றி அடிப்பிடித்தது. கழற்றிப் பார்த்தால் ரப்பர் விறைத்துப் போய் ஓர் இடத்தில் வெடிப்பு. சாதாரண நாளாக இருந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனைக்குப் போய்ப் பத்து நிமிடத்தில் வாங்கி வந்திருப்பேன். ஆனால் கொரோனா ஊரடங்குக்காக மார்ச் 24 சாயங்காலம் மூடின கடைகள் மூடினபடியேதான் இருந்தன. மளிகை உண்டு, பால் உண்டு, மருந்து உண்டு. குக்கர் ரப்பர் விற்கிற கடை அத்தியாவசியத்தில் வராது.

எனக்கு அதுதான் ஆற்றாமை. அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, ரேஷனிலும் ஏப்ரலில் டோக்கன் கொடுத்து அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, அதோடு 1,000 ரூபாயும் கொடுத்தார்கள். எல்லாம் இருந்தும் இந்த ஒரு வளையம் இல்லாததால் பருப்பு வேக ஒன்றேகால் மணி நேரம். கொண்டைக்கடலையை நான் மறந்தே போனேன். வாணலியில் வேகவைத்துக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. ஊறவைத்த கடலைக்கே வெகுநேரம் எரிக்க வேண்டும், அவ்வளவு கேஸுக்கு எங்கே போவது?

கேஸ் கணக்கைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் 45 நாள் வரும், சமையலறை காலண்டரில் எழுதி வைப்பேன், பார்த்திருப்பீர்கள். மார்ச் 29 மாற்றின சிலிண்டர் ஏப்ரல் 26 தீர்ந்தது. 28 நாள்! அதுவும் எந்த நாள்? சென்னை, கோவை, மதுரையில் நாலு நாள் முழு ஊரடங்கு போட்டார்களே, அதன் முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. நல்ல வேளை, எங்களுக்கு இரட்டை சிலிண்டர். ஒரே சிலிண்டர் வைத்திருக்கிறவர்கள் அந்த நாலு நாளில் தீர்ந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். இன்றிலிருந்து 34 வகைக் கடைகள் திறக்கலாம் என்று அரசு சொல்லியிருக்கிறது. பட்டியலை ஞாயிற்றுக்கிழமை முழுக்க வரி வரியாகப் படித்தேன். வீட்டுக்காரர் டீக்கடை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார், இருக்கிறது, பார்சல் மட்டும். முடி வெட்டுகிற கடை இல்லை. நான் தேடினது மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிற கடை. இருந்தது! நங்கநல்லூரில் எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சின்னக் கடை உண்டு, குக்கர் சாமானும் அங்கேதான். சென்னையில் இந்த மாதிரிக் கடைகளுக்குக் காலை 10.30 மணி. நான் பத்து மணிக்கே போய்விட்டேன். எனக்கு முன்னால் எட்டுப் பேர்!

தரையில் சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள், ஒன்பதாவது வட்டத்தில் நின்றேன், வெயில் மண்டையைப் பிளந்தது. முன்னால் நின்றவர்களைப் பார்த்தேன். ஒருவர் கையில் மிக்ஸி ஜார், ஓர் அம்மா கையில் கிரைண்டர் பெல்ட், இன்னொரு பையன் டேபிள் ஃபேனையே தூக்கிக்கொண்டு வந்திருந்தான். இந்த மே மாத வெயிலில் அந்த ஃபேன் ஓடாமல் எத்தனை நாள் இருந்தார்களோ. யாரும் அதிகம் பேசவில்லை. ஆனால் ஒருவர் கையில் இருந்ததை மற்றவர் பார்த்ததும் எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது.

பெரிய பொருள் தட்டுப்பாடு என்றால் டிவியில் காட்டுவார்கள். சானிடைசர் கிடைக்காதபோது காட்டினார்கள், மார்ச்சிலேயே 200 மில்லி 100 ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு விலை வைத்தது. கிரைண்டர் பெல்ட்டுக்கும் மிக்ஸி கப்ளருக்கும் குக்கர் ரப்பருக்கும் யார் விலை வைப்பார்கள்? இவை இல்லாமல் ஒரு வீடு எப்படித் தடுமாறும் என்று தினமும் அடுப்பு மூட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

என் முறை வந்தது. கடைக்காரர் ஒரு ரப்பரை எடுத்துக் கொடுத்தார். இங்கேதான் நான் செய்த நல்ல காரியம்: மூடியைப் பையில் போட்டுக்கொண்டே போயிருந்தேன். வாங்குவதற்கு முன்னால் மாட்டிப் பார்த்தேன், உட்காரவில்லை! அது மூன்று லிட்டருக்கு உள்ளது. அவர் "அஞ்சு லிட்டர்தாம்மா, இழுத்தா வரும்" என்றார். இழுத்து மாட்டக்கூடாது, தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள். இழுத்து மாட்டின ரப்பர் சூட்டில் ஒரு பக்கம் நழுவும், ஆவி அந்தப் பக்கம் பீய்ச்சும். நான் அசையவில்லை. "அண்ணே, உள்ள ஒரு தடவை பாத்துடுங்க" என்றேன். உள்ளே போய்ப் பரணில் இருந்து ஒரு டப்பாவை இறக்கினார். அதில் என் அளவு, இரண்டே இரண்டு.

விலை 140. போன வருஷம் இதே ரப்பர் 90 ரூபாய்க்கு வாங்கினேன். எனக்குச் சுருக்கென்றது, கேட்டேன். பாரிமுனையில் இருந்து சரக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, இனி எப்போது வரும் என்றே தெரியவில்லை என்றார். அது நியாயமான பதில்தான். ஆனாலும் 50 ரூபாய் ஏற்றம் ஏற்றம்தான், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டையும் வாங்கிவிட்டேன், 280. பதுக்கல் என்று நினைக்காதீர்கள், ஒன்று மாடி வீட்டு அக்காவுக்கு. அவர்களும் இதே ஐந்து லிட்டர், இதே கம்பெனி, அவர்கள் ரப்பரும் இரண்டு வாரமாகக் கசிகிறது.

இதோ, இரண்டாவது விசில்!

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பழைய சரக்கு வாங்கும்போது ரப்பரை நன்றாக வளைத்துப் பாருங்கள். பெட்டியிலேயே மாதக்கணக்கில் இருந்தால் காய்ந்து போய் மெல்லிய கீறல் விழுந்திருக்கும். வளைத்தால்தான் தெரியும். அப்புறம், மூடியில் இருக்கிற சேஃப்டி வால்வையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தேன், நன்றாக இருக்கிறது.

ஃப்ரீசர் விஷயம் கேட்டிருந்தீர்கள். தளர்ந்த ரப்பரை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் இறுகும் என்று கமென்டில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். உண்மைதான், வெறும் தளர்ச்சி என்றால் ஒன்றிரண்டு தடவை கைகொடுக்கும். மாடி வீட்டு அக்கா அப்படித்தான் ஓட்டினார்கள். என்னுடையது வெடித்தது, அதற்கு வைத்தியம் இல்லை. நூல் சுற்றுவது, டேப் ஒட்டுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். குக்கரோடு விளையாடக் கூடாது.

இன்னொரு ஆதங்கம் இருக்கிறது, கொசுறு. கோயம்பேடு காய்கறிச் சந்தையை 5ஆம் தேதி மூடினதில் இருந்து எங்கள் தள்ளுவண்டி அண்ணன் கொசுறு கொடுப்பதை நிறுத்திவிட்டார். நூறு ரூபாய்க்குக் காய் வாங்கினால் ஒரு கொத்து கறிவேப்பிலை, நாலு இணுக்கு கொத்தமல்லி, இரண்டு பச்சை மிளகாய் கேட்காமலே பையில் விழும். இப்போது கறிவேப்பிலைக்கு 10 ரூபாய். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, ஆறு நாளாகச் செங்கல்பட்டுப் பக்கம் வரை போய்க் காய் எடுத்து வருகிறார். ஆனால் கொத்தமல்லி இல்லாத ரசத்தை நான் ரசம் என்று சொல்ல மாட்டேன். புளித்தண்ணீர், அவ்வளவுதான். மாமியார் பழைய கொத்தவால் சாவடிச் சந்தை காலத்து ஆள். 1996ல் கோயம்பேட்டுக்குச் சந்தை மாறினபோது கூட கொசுறு நிற்கவில்லை என்கிறார். இன்றைக்குத் திருமழிசையில் தற்காலிகச் சந்தை தொடங்கிவிட்டது, அண்ணன் நாளையில் இருந்து அங்கே போவதாகச் சொன்னார். நங்கநல்லூரில் இருந்து திருமழிசை எங்கே இருக்கிறது! வண்டி வாடகை காய் விலையில்தான் ஏறும்.

ஆ, ஏப்ரல் 25 வரிசை வீடியோவில் மூன்று கிலோ தக்காளி வாங்கினேன் அல்லவா? நாலு நாள் அடைப்பு என்று ஊரே கடைக்குப் படையெடுத்த சனிக்கிழமை. அதில் முக்கால்வாசி தொக்கு கிளறிவிட்டேன், மீதி அழுகிவிட்டது. மூன்று கிலோ வாங்கியிருக்கக் கூடாது, எனக்குப் பின்னால் நின்றவர்களுக்குத் தக்காளியே கிடைக்கவில்லை. அன்றைக்கு அதைச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

மூன்றாவது விசில்! பெரியவள் ஓடி வந்து பார்க்கிறாள். பத்தாம் வகுப்பு, தேர்வுத் தேதி இன்னும் வரவில்லை, மார்ச் 27 தொடங்க இருந்து தள்ளிப்போன தேர்வுக்குப் படித்ததையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறாள். பாவம், கொண்டைக்கடலை சுண்டல் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். இன்றைக்கு ராத்திரி ஊறப்போடப் போகிறேன், நாளை சாயங்காலம் சுண்டல், தேங்காய் தூக்கலாக.

முகக்கவசத்துக்கு எலாஸ்டிக் எங்கே கிடைத்தது என்று யாராவது எழுதுங்கள். மாநகராட்சி ஏப்ரலில் கட்டாயம் என்று சொன்னதும் ரவிக்கைத் துணியில் பதினைந்து தைத்தேன், எலாஸ்டிக் ஆறுக்கே வந்தது. மீதிக்குப் பாவாடை நாடா. நாடா வைத்ததைத் தலைக்குப் பின்னால் முடிச்சுப் போட வேண்டும், மாமியாருக்குத் தோளைத் தூக்க முடியவில்லை. அரை இஞ்சு அகலம், கறுப்போ வெள்ளையோ, எதுவானாலும் சரி. ஆலந்தூர், ஆதம்பாக்கம் பக்கம் என்றால் நடந்தே போய் வந்துவிடுவேன். தமிழ்நாட்டில் இன்றைக்குக் கொரோனா வந்தவர்களின் மொத்த எண்ணிக்கை 8 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது, அதனால் அதைவிடத் தூரம் வேண்டாம்.

நாலாவது! சத்தம் எவ்வளவு கணீரென்று இருக்கிறது பாருங்கள், ஓரத்தில் ஒரு துளி கசியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டேன். ஆவி அடங்கட்டும், அதற்குள் மாடிக்கு ஓடி அக்காவிடம் ரப்பரைக் கொடுத்துவிட்டு வருகிறேன்.