சூடானா நிக்குது, ஆறினா ஓடுது: நின்ன இடத்துலயே காரணத்தைப் பிடிக்கலாம்

வணக்கம்ங்க. இன்னைக்கு ஒரே ஒரு கம்ப்ளைண்ட். பெட்ரோல் கார், அரை மணி நேரம் நல்லா ஓடுது, சிக்னல்ல பொசுக்குனு ஆஃப் ஆகுது. செல்ஃப் அடிச்சா என்ஜின் சுத்துது, ஆனா பிடிக்கல. இருபது நிமிஷம் ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனா கம்ப்ளைண்ட் வரவே வராது. அப்புறம் என்ன, பிளக், காயில், பம்புன்னு வரிசையா மாத்துவாங்க.

மாத்தாதீங்க. பேட்டரியையும் கழட்டாதீங்க, கார் கம்ப்யூட்டர் சேமிச்சு வச்ச பழுதுக் கோடு (code) அழிஞ்சிடும். நின்னுபோன அந்த இருபது நிமிஷம்தான் டெஸ்ட் பண்ற நேரம்.

ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கிற 16 பின் ஓபிடி சாக்கெட்ல (கார் கம்ப்யூட்டரோட பேசுற சாக்கெட்) சாதாரண ஸ்கேனரைச் சொருகி, லைவ் டேட்டாவுல ஆர்பிஎம் பார்த்துக்கிட்டே செல்ஃப் அடிங்க. 200 பக்கத்துல காட்டினா கிராங்க் சென்சார், அதாவது என்ஜின் சுத்துறதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ற சென்சார், வேலை செய்யுது. என்ஜின் சுத்துது, ஆனா ஸ்கேனர்ல 0ன்னா, சந்தேகம் அந்த சென்சார் மேல, இல்ல அதோட வயர், கனெக்டர் மேல. இந்த சென்சார் சர்க்யூட்டுக்கான P0335 கோடு விழுந்திருக்கலாம், விழாமலும் இருக்கலாம். அதை மட்டும் நம்பி உட்காராதீங்க. சென்சார் மேல ஈரத்துணி வச்சு ஆத்துங்க, எக்ஸாஸ்ட்ல கை பட்டுடாம. உடனே ஸ்டார்ட் ஆச்சுன்னா ஆள் மாட்டிக்கிச்சு.

ஏன் சூட்டுல மட்டும்? ரெண்டு வயர் சென்சாருக்குள்ள முடி மாதிரி மெல்லிசா செம்புக் கம்பிச் சுருள். சூட்டுல விரிஞ்சு, இத்துப்போன இடத்துல விட்டுடும், ஆறினா தொட்டுக்கும். அதனால ஆறின சென்சாரை மல்டிமீட்டர்ல அளந்து "ஓம்ஸ் (மின்தடை) சரியா இருக்கு"ன்னு சொல்றது வீண். ஹேர் டிரையர்ல சூடாக்கிக்கிட்டே அளங்க, பழுதான சென்சார்னா ரீடிங் திடீர்னு ஓபன் ஆகும், அதாவது கம்பி விட்டுப்போச்சுன்னு காட்டும். மூணு வயர்னா பெரும்பாலும் ஹால் டைப் (உள்ள சுருளுக்குப் பதிலா எலக்ட்ரானிக் சிப் இருக்கிறது), அதுல ஓம்ஸ் பார்க்கவே கூடாது. சப்ளை, எர்த், சிக்னல் மட்டும் பாருங்க.

ஆர்பிஎம் வருதா? அப்போ பெட்ரோல் பக்கம் போங்க. சாவியை ஆன் பண்ணினதும் பின்சீட்டு அடியில ரெண்டு செகண்ட் பம்ப் சத்தம் கேக்கணும். கேக்கலைன்னா, அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலேவை (கரண்ட்டை ஆன், ஆஃப் பண்ற சுவிட்ச்) கழட்டிப் பம்ப் ரிலே இடத்துல போட்டுப் பாருங்க. அதுக்கும் சத்தம் இல்லைன்னா பம்ப் கனெக்டர்ல டெஸ்ட் லேம்ப் (வயர் மாட்டின 12 வோல்ட் பல்பு) வைங்க. மல்டிமீட்டர் இங்க ஏமாத்தும்: அரிச்சுப்போன வயர்லயும் லோடு இல்லாதப்ப 12 வோல்ட் காட்டும், பல்பு மங்கலாத்தான் எரியும்.

புது சென்சார் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை: பழசைக் கழட்டி நுனியைப் பாருங்க. காந்தத்துல இரும்புத்தூள் அப்பியிருந்தா துடைச்சிட்டு, கனெக்டர் பின்னுல பச்சையா அரிப்பு பிடிச்சிருக்கான்னும் பார்த்துடுங்க.