கட்டிக்கொடுத்த சோறு
(காரைக்குடியில் நடந்த அறிவியல் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கிடையே எங்கள் அழைப்பை ஏற்றுத் தேவகோட்டையிலிருந்து வந்திருக்கும் பள்ளித் தாளாளர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகையின்றி மனமுவந்து தந்த குடும்பத்தின் மூத்தவர் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் ஆச்சிமார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். வள்ளல் அழகப்பர் தம் செல்வத்தைக் கல்விக்கு ஈந்த ஊரில் அறிவியல் பேசக் கிடைத்ததைப் பேறாகக் கருதுகிறேன்.

விண்வெளி வீரர்களின் உணவு எப்படி மாறியது, அங்கே நாக்குக்கு என்ன ஆகிறது, அதில் செட்டிநாட்டுக்கு என்ன பங்கு என்று மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ‘கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அதன் முதல் பாதியில் விண்வெளி உணவின் வரலாறே அடங்கியிருக்கிறது.

1961 ஏப்ரல் 12 அன்று மனிதர்களில் முதல்வராக விண்வெளிக்குச் சென்று 108 நிமிடம் பறந்த யூரி ககாரின், பற்பசைக் குழாய் போன்ற ஒன்றைப் பிதுக்கி இறைச்சிக் கூழை உண்டார். எடையற்ற நிலையில் மனிதனால் விழுங்க முடியுமா என்பதே அன்று பெரிய ஐயமாக இருந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க வீரர் ஜான் கிளென் ஆப்பிள் கூழை அதே முறையில் உண்டு காட்டினார். பிறகு அமெரிக்காவின் ஜெமினி விண்கலங்களில் ஒரே வாயில் போட்டுக்கொள்ளும் சிறு கட்டிகள் வந்தன. துகள் உதிராதபடி அவற்றுக்கு ஜெலட்டின் பூசியிருந்தார்கள்.

துகளுக்கு ஏன் அவ்வளவு அச்சம் என்று மாணவர்கள் கேட்கலாம். 1965 மார்ச் 23 அன்று ஜெமினி 3 விண்கலத்தில் கஸ் கிரிசமும் ஜான் யங்கும் பறந்தார்கள். யங்கிடம் அதிகாரிகள் கொடுத்த உணவு முறையாக இருந்தது. ஆனால் புறப்படுவதற்கு முன் வாலி ஷிரா என்ற சக வீரர் கடையில் வாங்கிக் கொடுத்த மாட்டிறைச்சி சாண்ட்விச் ஒன்றும் யங்கின் விண்வெளி உடையின் பைக்குள் யாருக்கும் தெரியாமல் இருந்தது. பறக்கத் தொடங்கி ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து அதை எடுத்துத் தலைவரிடம் நீட்டினார். கிரிசம் வியந்துபோய், இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கூடவே கொண்டுவந்தேன் என்றார் யங். கிரிசம் ஒரு கடி கடித்தார். அவ்வளவுதான், ரொட்டி உதிரத் தொடங்கியது. நம் வீட்டில் முறுக்கு கடித்தால் துகள் மடியில் விழும், தட்டிவிடலாம். அங்கே விழுவதற்குத் தரையே இல்லை. கண்ணிலும் போகும், மூச்சிலும் போகும், கருவிகளின் இடுக்கிலும் புகும். கிரிசம் சாண்ட்விச்சை உடனே தம் பைக்குள் வைத்துக்கொண்டார். தரையிறங்கிய பின் அமெரிக்க நாடாளுமன்றக் குழு வரை இது பேசப்பட்டது. அதே யங் 1972இல் நிலவில் நடந்தார், 1981இல் முதல் விண்ணோடத்தை ஓட்டினார் என்பதையும் மாணவர்கள் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

நிலவுக்குப் போன அப்பல்லோ விண்கலங்களில் வெந்நீர் கிடைத்தது. 1968 கிறிஸ்துமஸ் அன்று அப்பல்லோ 8 வீரர்கள் வான்கோழிக் கறியைக் கரண்டியால் எடுத்து உண்டார்கள். 1973இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்துக்கு உறைபெட்டியும் உணவு மேசையும் வந்தன. 1985இல் மெக்சிகோ வீரர் ரோடோல்ஃபோ நேரி வேலா கொண்டுபோன டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டி அவ்வளவாக உதிராததால், அதன் வகையே இன்றுவரை அங்கே ரொட்டித் துண்டின் இடத்தில் இருக்கிறது. 1984இல் நம் ராகேஷ் சர்மாவுக்கு மைசூருப் பாதுகாப்பு உணவு ஆராய்ச்சிக்கூடம் ரவை அல்வாவும் புலாவும் செய்தனுப்பியது. 2025இல் சுபான்ஷு சுக்லா கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் எடுத்துச் சென்றார்.

நாக்கைப் பற்றி ஒரு சொல் மட்டும்: அங்கே உடல்நீர் தலைப்பக்கம் ஏறி மூக்கடைத்ததுபோல் ஆவதால், வீரர்கள் காரத்தை விரும்பிக் கேட்கிறார்கள். விரித்துச் சொல்ல நேரமில்லை. ஆச்சிமார்களிடம் கேட்க வேண்டியது காத்திருக்கிறது.

கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு? செவ்வாய்க்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் பொட்டலத்தில் உள்ள வைட்டமின் சியும் பி1ம் குறைந்துவிடும். ஆகவேதான் 2015இல் விண்வெளி நிலையத்தில் வளர்த்த கீரையைத் தின்று பார்த்தார்கள். ஆகவேதான் நம் இஸ்ரோ அனுப்பிய தட்டைப்பயறு 2025 தொடக்கத்தில் விண்ணில் முளைத்து இலைவிட்டது. ஆனாலும் பயணத்தின் பெரும்பகுதிக்கு உலர்ந்த உணவே துணை. உணவை உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை நேரே ஆவியாக்குகிறார்கள். எடை குறைகிறது, கெடுவதும் நிற்கிறது. பொறி வேறு, நோக்கம் நம் வற்றலின் நோக்கமே. கொண்டுவிக்கப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறியவர்களின் பெட்டியில் மோர்மிளகாயும் மாவற்றலும் புளிக்காய்ச்சலும் இருந்தது இதற்காகத்தான்.

என் அப்பத்தா சித்திரை வெயிலில் கூழ்வடகத்தைப் பாயிலிருந்து எடுத்து, காதருகே ஒடித்து, ஓசையைக் கேட்டே ஈரம் இருக்கிறதா என்று சொல்வார். அந்த ஓசை எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவரோடு அது போய்விட்டது. சொல்லிக்கொடுத்த சொல் எத்தனை நாளைக்கு என்பதை நான் அன்று அறிந்தேன். மைசூரில் ஈரப்பதத்தை அளக்கக் கருவி இருக்கிறது; எந்த அரிசி, எத்தனை வெயில், எத்தனை மாதம் தாங்கும் என்ற அனுபவம் நம் வளவு வீடுகளில் இருக்கிறது. இரண்டும் சந்திக்க வேண்டும். பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகளில் ஒன்றின் பட்டாலைக் கூடத்தை மட்டும் இதற்கென ஒதுக்கித் தருமாறு மேடையிலுள்ள பெரியவர்களை இருகரம் கூப்பி வேண்டுகிறேன்; எடை போடும் தராசும் குறிப்பேடுகளும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

மண்டப வாசலில் ஒரு குறிப்பேடு திறந்திருக்கிறது. முதல் பக்கத்தில் என் அத்தை சொன்ன மோர்மிளகாய்ப் பக்குவத்தை, உப்பின் அளவோடும் வெயில் நாள்களோடும் எழுதியிருக்கிறேன். இரண்டாம் பக்கம் காலியாக இருக்கிறது; ஆச்சிமார்கள் சொல்லச் சொல்ல எழுத எட்டாம் வகுப்பு மாணவிகள் இருவர் பேனாவோடு அங்கே அமர்ந்திருக்கிறார்கள்.